விலைப்பட்டியலில் இல்லாத காபி

நீவெஸ் குகுலியானுக்கு நன்றிப் பத்திரம் கொடுக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ரியேகா துறைமுக நகரத்தில் சட்டம் போட்ட நன்றிப் பத்திரம் தொங்காத சுவரே கிடையாது. ரத்ததானம் செய்தவனுக்கு ஒன்று, திருவிழாவில் மீன் வறுத்தவனுக்கு ஒன்று, கால்பந்துப் பிள்ளைகளுக்குக் காலுறை வாங்கிக் கொடுத்தவனுக்கு ஒன்று. நீவெஸின் காபிக் கடைச் சுவரில் மட்டும் கப்பல் படம் போட்ட நாட்காட்டியைத் தவிர எதுவும் தொங்கியதில்லை. தன் பெயர் நாலு பேர் வாயில் விழுவது அவளுக்குப் பிடிக்காது. அது ஏன் என்று தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

என் பெயர் ஆர்மிடா. அவள் கடைக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். செய்தித்தாள், சிகரெட், பேருந்துச் சீட்டு. எனக்கு வாய் நீளம் என்று தெருவில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சொல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியாது.

நீவெஸ் முன்பு ஓர் ஆலையின் உணவுக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி வங்கியில் கடன் வாங்கினாள். நீவெஸ் ஜாமீன் கையெழுத்துப் போட்டாள். அந்தக் காலத்தில் காபி குடித்துக்கொண்டே ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்டுக்கொள்வோம், உப்பு கேட்டால் கொடுப்பதுபோல. தோழி ஜெர்மனிக்குப் போனாள், போனவள் போனவள்தான். ஆலையும் மூடியது. நீதிமன்றத்திலிருந்து நீல உறைகள் வர ஆரம்பித்தன. எங்கள் ஊரில் தபால்காரர் கையில் நீல உறையைப் பார்த்தால் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக்காட்டாமல் இருப்பவர்கள் உண்டு. நீவெஸ் வாங்கிக்கொண்டாள். ஆனால் பிரிக்கவில்லை. மேசை விரிப்புகளுக்கு அடியில் அடுக்கி வைத்தாள்.

அந்தச் சமயத்தில் ஏழைகளுக்கு இலவசமாகச் சட்டம் சொல்ல ஓர் அலுவலகம் இருந்தது. அதன் வாசல் கோர்சோ நடைவீதியில் இருந்தது. கோர்சோவில் பாதி ஊர் காபி குடித்தபடி உட்கார்ந்திருக்கும், மீதிப் பாதி அவர்கள் முன்னால் நடக்கும். அந்த வாசலில் கால் வைத்தால் காபி ஆறுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். நீவெஸ் அந்த வாசல்வரை போவாள், பக்கத்துச் செருப்புக் கடைக் கண்ணாடியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பாள், திரும்பி வந்துவிடுவாள். அவள் வீடு ஏலத்தில் போயிற்று. ஆட்சேபம் சொல்லி ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம் என்று பிற்பாடு தெரிந்தது. மூட்டு வலி, மூன்று மாடி ஏற முடியவில்லை, அதனால் விற்றுவிட்டேன் என்று ஊரில் சொன்னாள். ஊரும் நம்பியது. பெட்டிகளைத் தூக்க அவளோடு நின்றவள் நான்தான்.

பிறகு இந்தக் காபிக் கடையை வாடகைக்கு எடுத்தாள். அவள் அதிர்ஷ்டமோ என்னவோ, சில வருடங்களில் சட்டக் கல்லூரி மாணவர்கள் கடைக்குப் பின்னாலிருக்கும் கட்டடத்தின் முதல் மாடியில் இலவச உதவி மையம் ஒன்று திறந்தார்கள். வாசல் மறுபடியும் கோர்சோ பக்கம்தான். ஆளுயரப் பெயர்ப்பலகை வேறு. யார் வருவார்கள்? பிள்ளைகள் ஈ ஓட்டிவிட்டு இவள் கடைக்கு வந்து உட்காருவார்கள். ஊரில் ஏழைகளே இல்லை போலிருக்கிறது என்று அவர்கள் பேசிக்கொண்டதை நீவெஸ் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் சரக்கறையில் பீர்ப் பெட்டிகளை நகர்த்தினாள். அவற்றுக்குப் பின்னால், வருடக்கணக்காகத் திறக்காத ஒரு கதவு இருந்தது. அது உள்முற்றத்தில் திறக்கும். முற்றத்திலிருந்து இரும்புப் படி ஏறினால் மாணவர்களின் மையம். எங்கள் ஊரில் ஒருவர் இரண்டு மணி நேரம் காணாமல் போனாலும் 'காபிக்குப் போயிருக்கிறார்' என்று சொன்னால் மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். அந்த வழக்கத்தின் தயவில் நீவெஸ் தன் வேலையை நடத்தினாள்.

உதவி வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லவும் வேண்டியதில்லை. பார்லி காபி கேட்டால் போதும், இது தேவைப்பட்டவர்களுக்குள் காதோடு காதாகப் பரவியிருந்தது. பார்லியை வறுத்துப் பாலில் கொதிக்கவைக்கும் அந்தக் கஷாயத்தை மழலையர் பள்ளியிலும் மருத்துவமனையிலும்தான் கொடுப்பார்கள். காபிக் கடையில் வந்து அதைக் கேட்கிறவர் யாரும் இல்லை. யாராவது கேட்டால் நீவெஸ் கையைத் துடைத்துக்கொண்டு, சூடாக நேரமாகும், உள்ளே வந்து உட்காருங்கள் என்பாள். சம்பளம் தராத உணவகத்தில் பாத்திரம் கழுவியவள், விதவை ஓய்வூதியம் நின்றுபோனவள், மின்சாரம் துண்டிக்கப்பட்ட முன்னாள் கப்பல்காரர் என்று எத்தனையோ பேர் அந்தப் பீர்ப் பெட்டிகளைக் கடந்து போனார்கள். நான் என் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகும்போது இருந்த முகமும் வெளியே வரும்போது இருந்த முகமும் எனக்குத் தெரியும்.

இந்த வசந்தத்தில் எவிட்சா வந்தாள். கிழக்குச் சமவெளியிலிருந்து பிழைக்க வந்தவள், மழலையர் பள்ளிச் சமையலறையில் வேலை. நோயாளித் தாயோடு எங்கள் தெருக்கோடியில் ஓர் அறையில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறாள். வீட்டுக்காரன் டாலிபோர். தெருவில் பாதி அறைகள் அவனுடையவை, கோடை வந்தால் சுற்றுலாக்காரர்களுக்கு விடுவான். வாடகையைக் கையில் வாங்குவான், ஒப்பந்தம் கிடையாது, கேட்டால் 'நம்பிக்கைதான் பெரிய ஒப்பந்தம்' என்பான். போன வருடம் ஒரு கிழவர் வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது அவருடைய மெத்தை தெருவில் கிடந்தது, கதவில் புதுப் பூட்டு. எவிட்சாவிடமும் கோடைக்குள் காலி செய் என்று சொல்லியிருந்தான்.

மாணவர்கள் மனு எழுதினார்கள். கட்டணம் வாங்காத வழக்கறிஞர் ஒருவர் தாக்கல் செய்தார். திங்கட்கிழமை காலை நீதிபதி பார்ப்பார். வழக்கு முடியும்வரை பூட்டில் கை வைக்கக் கூடாது என்று தடை கிடைக்கும் என்றார்கள். ஆனால் அதுவரை டாலிபோருக்கு வாடை தெரியக் கூடாது. உள்ளே இருக்கிறவளை வெளியேற்ற வருடங்கள் ஆகும். வெளியே தள்ளப்பட்டவள் திரும்ப உள்ளே போவதற்கோ அதைவிட வருடங்கள் ஆகும், அதுவும் படுக்கையில் கிடக்கும் தாயோடு.

ஒரே ஒரு சங்கடம். டாலிபோர் தினமும் காலையில் நீவெஸ் கடையில்தான் காபி குடிப்பான், சன்னலோர மேசையில். ஒருநாள் எவிட்சா கேட்டது அவன் காதில் விழுந்துவிட்டது. "பார்லி காபியா? பள்ளிக்கூடத்துல குடிச்சது பத்தலையா உனக்கு?" என்று கடையே கேட்கும்படி சொன்னான். பழக்கம் முதலாளி என்று சொல்லிவிட்டு எவிட்சா உள்ளே போனாள். அவன் சிரித்துவிட்டுப் பத்திரிகையைப் புரட்டினான். பத்திரிகை கொடுக்கப் போயிருந்த நான் அதைக் கேட்டேன். அவன் எதையும் மறக்கிறவன் இல்லை.

அந்தத் திங்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் நன்றி விழா. மையத்துக்கு உதவியவர்களுக்கெல்லாம் கல்லூரி மண்டபத்தில் பத்திரம். உதவியவர்களில் டாலிபோரும் உண்டு. நாற்காலிகளும் அச்சு இயந்திரமும் வாங்கிக் கொடுத்திருந்தான். அவன் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கொடுத்த இயந்திரத்தில் அச்சடித்துத்தான் அவன்மேல் மனு போட்டார்கள். இதை நினைத்து நான் தனியாக ரசித்துக்கொண்டிருந்தேன். அந்த ரசனை வெள்ளிக்கிழமை மாலைவரைதான்.

தெற்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அது அடித்தால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தலை வலிக்கும், எல்லோரும் எல்லோர் மீதும் எரிந்து விழுவோம். மண்டபத்துக்குக் காபி நீவெஸின் பொறுப்பு. பாத்திரங்களைத் தூக்க எவிட்சாவை உதவிக்கு அழைத்து வந்திருந்தாள். இருவரும் பின்வரிசைக்குப் பின்னால் மேசை போட்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். டாலிபோர் புதுக் கோட்டில் வந்து எவிட்சாவைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினான். நீ இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டான். நீவெஸ் அத்தைக்கு ஒத்தாசை என்றாள் அவள். அவன் தலையாட்டிவிட்டு முன்வரிசைக்குப் போனான்.

வாசலில் கொடுத்த நிகழ்ச்சித் தாளை அப்போதுதான் நான் பிரித்தேன். டாலிபோர் பெயருக்கு எதிரே 'தாராள மனத்துக்காக' என்று இருந்தது. அதற்கு அடுத்தது நீவெஸ். அவள் பெயருக்கு எதிரே 'விலைப்பட்டியலில் இல்லாத காபிக்காக' என்று போட்டிருந்தது.

எழுதியவன் யாரென்று உடனே புரிந்தது. மையத்தின் இந்த வருடத்துத் தலைவன் கார்லோ, தலைநகர் ஸாக்ரெப்பிலிருந்து வந்த நல்ல பையன். அழகாகப் பேசுவான். எவிட்சாவின் மனுவை எழுதியது வேறொரு மாணவி. ஒருவர் வழக்கை இன்னொருவரிடம் மூச்சுவிடக் கூடாது என்பது அவர்கள் விதி, ரகசியம் காப்பதற்காக. அந்த விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்ததால், எவிட்சா யார், அவள் வீட்டுக்காரன் யார் என்று கார்லோவுக்குத் தெரியாது. யார் பெயரையும் அவன் சொல்லப் போவதில்லை. பார்லி காபி என்று மட்டும்தான் சொல்லப் போகிறான். எவிட்சாவின் பெயரைச் சொல்வதும் அதுவும் ஒன்றுதான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

நான் எழுந்து பக்கவாட்டில் மேடையை நோக்கிப் போனேன். முழங்கால்களில் இடித்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு. கார்லோ அதற்குள் மைக் முன் நின்றுவிட்டான். நான் கையை ஆட்டினேன். இடம் தேடுகிறேன் என்று நினைத்து, முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலியைச் சிரித்த முகத்தோடு காட்டினான். டாலிபோருக்குப் பக்கத்து நாற்காலி. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன்.

டாலிபோர் நிகழ்ச்சித் தாளை விரலால் தட்டினான். "பட்டியல்ல இல்லாத காபியாம். அது என்னம்மா, எனக்குத் தெரியாம?"

"பிள்ளைங்களுக்கு ஓசியில ஊத்தியிருப்பா. அதுக்கு இப்படி ஒரு பேரு" என்றேன். நான் எழுந்து பின்னால் ஓடி நீவெஸின் காதில் விஷயத்தைச் சொன்னபோது டாலிபோர் மேடையேறிக்கொண்டிருந்தான். வீடு என்பது மனிதனின் அடிப்படை உரிமை என்று பேசினான். கைதட்டினார்கள். நீவெஸ் கையிலிருந்த பாத்திரத்தை மெல்ல மேசைமேல் வைத்தாள். எவிட்சா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், புரிந்துகொண்டாள், தன் மேல்கோட்டை எடுக்கப் போனாள். நீவெஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். இப்போது ஓடினால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

டாலிபோர் பத்திரத்தோடு கீழே வந்து உட்கார்ந்தான். கார்லோ தொடங்கினான். நீவெஸ் அத்தையின் கடையில் விலைப்பட்டியலில் இல்லாத ஒரு காபி உண்டு, அதன் பெயர் பார்லி காபி என்றான். மண்டபம் சிரித்தது. அது காபியே இல்லை, அது ஒரு கதவு என்றான்.

டாலிபோர் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தலை மெதுவாகத் திரும்பியது. முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை தேடி எவிட்சாவிடம் வந்து நின்றது. அவள் நிமிராமல் கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். இன்று இரவே பூட்டு மாறிவிடும் என்று நான் நினைத்தேன். அவளுடைய தாயை கட்டிலோடு தூக்கி வெளியே வைப்பார்கள் என்று நினைத்தேன்.

அப்போது நீவெஸ் நடந்துகொண்டிருந்தாள். முன்கச்சையைக்கூடக் கழற்றவில்லை. நடு வழியாகப் போய் மேடையேறி, கார்லோ அடுத்த வாக்கியத்தைத் தொடங்குமுன் அவன் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"இந்தப் பையன் நல்லவன்" என்றாள். "என் மானத்தைக் காப்பாத்தணும்னு கதையை அழகாக்கிச் சொல்றான். அவ்வளவு அழகெல்லாம் இல்ல. அந்தக் கதவு வழியாப் போறது நான்தான்."

சிரிப்பு நின்றது. அவள் யாரையும் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"ஒருத்திக்கு ஜாமீன் போட்டேன். அவ போயிட்டா. கோர்ட்டுல இருந்து நீல உறை வருது. பிரிக்கறதில்ல, மேசை விரிப்புக்கு அடியில வச்சிருக்கேன். பிரிக்கலன்னா வரலன்னு அர்த்தம்னு நெனச்சேன். கோர்சோ வாசல் வரைக்கும் போவேன். நீங்க எல்லாரும் உக்காந்து காபி குடிச்சிட்டு இருப்பீங்க. செருப்புக் கடையப் பாத்துட்டு வந்துருவேன். அதான் பின்னாடி கதவ உடைச்சுத் திறந்தேன், உங்க கண்ணுல படாம மேல போக."

கார்லோவின் வாய் திறந்தது. அது உண்மையில்லை என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குப் பொய்யே ஆகாது. நான் மேடைக்குக் கீழே வந்துவிட்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்தானோ, என்ன பார்த்தானோ, வாயை மூடிக்கொண்டான்.

"கடைய விட்டுட்டு நான் எப்படி மேல போறது? எவிட்சா வந்து பார்லி காபி இருக்கான்னு சத்தமா கேப்பா. சூடு பண்ணப் போற மாதிரி நான் உள்ள போயிருவேன். பாவம், அதுக்காக எல்லார்கிட்டயும் கேலி வாங்கினா. நன்றி சொல்லணும்னா அவளுக்குச் சொல்லுங்க." பிறகு கார்லோவிடம் திரும்பினாள். "போதும்பா. என் தாளைக் குடு."

யாரும் உடனே கைதட்டவில்லை. கொஞ்சம் கழித்துத் தட்டினார்கள், சாவு வீட்டில் பேசுவதுபோல மெதுவாக. அவள் இறங்கி வரும் வழியில் பெண்கள் அவள் கையைத் தடவிக் கொடுத்தார்கள். அந்தத் தடவலுக்குப் பயந்துதான் அவள் ஒரு வீட்டையே இழந்தாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

டாலிபோர் எழுந்து அவள் தோளில் கை வைத்தான். அவன் முகம் தெளிந்திருந்தது, அதைவிட, மகிழ்ந்திருந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீவெஸ். கடைய யாருக்கும் கைமாத்திராத. முதல்ல என்கிட்ட வா."

"யோசிக்கிறேன் முதலாளி" என்றாள் நீவெஸ்.

சனிக்கிழமை விடிந்தபோது ஊருக்கே தெரிந்திருந்தது. காபிக்கொட்டை மொத்த வியாபாரி தொலைபேசியில் நலம் விசாரித்தான், அப்படி அவன் என்றைக்கும் விசாரித்ததில்லை. பக்கத்து ஊர் ஒபாத்தியாவில் இருக்கும் அவள் தங்கை, குடும்பத்தின் பெயரை இப்படியா கெடுப்பாய் என்று கேட்டாள். பத்திரிகை வாங்க வந்த ஒவ்வொருவரும் என்னிடம் குரலைத் தாழ்த்தி, எவ்வளவு நாளாக இப்படி என்றார்கள். உன் வேலையைப் பார் என்று சொல்லி மீதிச் சில்லறையைக் கொடுத்தேன். மத்தியானம் டாலிபோரின் வண்டி தெருவில் வந்து நின்றது, பூட்டுக்காரன் இறங்கினான். கையிலிருந்த சிகரெட் பெட்டிகளைக் கீழே போட்டுவிட்டேன். அவன் வேறொரு வாசலுக்குப் போனான். எவிட்சா அந்த இரண்டு நாளும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நீவெஸ் வழக்கம்போலக் கடை திறந்தாள், கோப்பைகளைத் துடைத்தாள், யார் கண்ணையும் பார்க்கவில்லை. அவளிடம் ஆறுதலாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. வேறு நேரங்களில் நிற்காத வாய்.

திங்கட்கிழமை மதியத்துக்கு முன்னால் தடை ஆணை கிடைத்தது. எவிட்சா இரும்புப் படியில் இறங்கி, பீர்ப் பெட்டிகளைத் தாண்டிக் கடைக்குள் வந்து, நீவெஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை டாலிபோர் வந்தான். கடை நிறைந்திருந்தது, அந்த வேளையில் எப்போதும் நிறைந்திருக்கும். அவன் வேகமாகத் தெருவைக் கடப்பதைப் பார்த்து நானும் சன்னலைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன். அவன் சன்னலோர மேசைக்குப் போகவில்லை. நேரே நீவெஸ் முன்னால் நின்று தனக்கு வந்த நீதிமன்ற நீல உறையைக் கல்லாப் பலகைமேல் எறிந்தான்.

"நீ எல்லார் முன்னாடியும் பொய் சொன்ன."

நீவெஸ் உறையைப் பார்த்தாள். பிறகு, அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் முதல்முறையாக நிமிர்ந்து ஒரு மனிதனின் கண்ணைப் பார்த்தாள்.

"நான் சொன்ன ஒவ்வொண்ணும் நடந்தது. ஜாமீன், நீல உறை, செருப்புக் கடை, எல்லாம். பதினெட்டு வருஷம் முன்னாடி. என் வீடே அதுல போச்சு, மூட்டு வலின்னு உங்களுக்கெல்லாம் சொன்னேன். தேதிய மட்டும்தான் மாத்திச் சொன்னேன்."

டாலிபோர் சுற்றிலும் பார்த்தான். பிறகு சரக்கறைத் திரையைப் பார்த்தான். "இனிமே அந்தப் பக்கம் யார் போறாங்கன்னு நான் பாத்துக்கறேன். இந்தப் பார்லி காபிய யார் கேக்கறாங்கன்னு தினம் இங்கயே உக்காந்து பாக்கறேன்" என்றான்.

அவன் அதைச் செய்யக்கூடியவன்தான். மூலையில் ஒரு பெண் தன் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். அதற்குமுன் அவளை நான் பார்த்ததில்லை. அவள் எதைக் கேட்க வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, இன்னும் ஒரு நிமிடத்தில் எழுந்து போய்விடுவாள் என்பதும் தெரிந்தது.

எனக்கு வழக்கும் இல்லை, வம்பும் இல்லை. பலகையில் முழங்கையை ஊன்றினேன்.

"நீவெஸ், எனக்கு ஒரு பார்லி காபி."

டாலிபோர் என்னைப் பார்த்தான். நீவெஸும் பார்த்தாள். அவளிடம் அந்தப் பொடியே கிடையாது, ஒருநாளும் இருந்ததில்லை. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து எவிட்சா வந்து, நீவெஸுக்கென்று பள்ளிச் சமையலறையிலிருந்து கொண்டுவந்திருந்த பார்லிப் பொடிப் பொட்டலத்தை அவள் கையில் வைத்தாள். என் பக்கத்தில் நின்ற துறைமுகக் கணக்கர், வாழ்நாளில் எதற்கும் குரல் உயர்த்தாதவர், தனக்கும் ஒன்று என்றார். அவருக்கு அடுத்தவரும் கேட்டார். மூலையிலிருந்த பெண்ணும் எங்களோடு சேர்ந்து கேட்டாள்.

கொதித்து வர நேரமானது. குடிக்கச் சகிக்கவில்லை, வறுத்த வைக்கோல்போல இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிச் சொட்டுவரை குடித்தேன். மறுநாளும் போய்க் கேட்டேன்.